காலி நாற்காலி பொறுக்காத அக்கா

கொரோனா ஓய்ந்து, முகக்கவசங்கள் பீரோவுக்குள் போய்விட்ட சமயத்தில் எங்கள் ராஜபாளையம் கல்லூரிக்கு மாநாடு நடத்தும் ஆசை வந்தது. தாளாளர் முதலில் தலைப்பை வைத்தார்: 'நகர்ப்புறச் சமூகங்களில் நலவாழ்வுச் சமத்துவமும் பன்மைத்துவமும்.' அதைத் தடுமாறாமல் சொல்லிப் பழக அவருக்கே ஒரு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் மாநாட்டை ஒருங்கிணைக்க அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் அப்போது சமூகப் பணித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர். மாநாட்டுச் செயலாளர் என்று அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். துறையில் மற்ற எல்லோரும் எனக்கு மூத்தவர்கள், அலைய முடியாதவர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அக்கா வந்த அன்று தாளாளர் அறையில் நானும் இருந்தேன். தலைப்பு அச்சடித்த தாளை அவர் பெருமையோடு மேஜைமேல் நகர்த்தினார். அக்கா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"தலைப்பு கெடக்கட்டும் சார். எம்புட்டு நாற்காலி?" என்றார்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமான வேகம். முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். கையில் எப்போதும் இரண்டு போன். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றது அடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு மகளிர் குழு தொடங்கியவர், பிறகு நாலைந்து குழுக்களுக்குப் பொறுப்பானார். கொஞ்ச காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரிலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் நிரம்பும். கடன் மேளா, சாலைப் பாதுகாப்பு வாரம், நகைக்கடைத் திறப்பு விழா, ஓய்வுபெற்ற அதிகாரி எழுதிய கவிதைகளின் வெளியீடு என்று எதற்கும் அவரைக் கூப்பிட்டார்கள். தெலுங்கு பேசுகிற தெருக்களுக்குப் போன் போட்டால் அவர்கள் மொழியிலேயே "ரண்டி, ரண்டி" என்று வரச் சொல்வார், மற்றவர்களுக்கு "ஏட்டி, எங்க நிக்கே? வெரசலா வா." இரண்டுக்கும் ஒரே பலன்தான்.

மேடையில் யார், என்ன பேசுகிறார்கள் என்பதை அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. ஒருமுறை நான் இதைச் சொல்லிக் கேலி செய்தபோது நிதானமாகப் பதில் சொன்னார்.

"மேடைக்கு ஆள் பிடிக்கது லேசு டீச்சர். மைக்கக் காட்டுனா தானா வந்துருவாக. கீழ உக்காந்து கேக்கதுக்கு ஆள் பிடிக்கணும்ல, அதுலதான் சீவன் போகுது."

காலி நாற்காலியைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. வேறு விதமாக இதைச் சொல்லத் தெரியவில்லை. சிலருக்குச் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் கை துறுதுறுக்கும் அல்லவா, அதைப் போல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நானும் அவரும் டவுன் பஸ்ஸில் சேர்ந்து வந்திருக்கிறோம். வன்னியம்பட்டி நிறுத்தத்தில் வண்டி நிற்கும். எங்களுக்கு முன்னால் ஒரு இருக்கை காலியாக இருக்கும். நிறுத்தத்தில் ஒரு அம்மா சும்மா நின்றுகொண்டிருப்பார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"ஏறலையா?"

"நான் எங்கயும் போகலம்மா. மவன் வருவான்னு நிக்கேன்."

"சும்மாதான நிக்கீக. ராசபாளையம் வரைக்கும் வந்துட்டுப் போறது. பொம்பளையாளுக்கு டிக்கெட்டும் கெடையாது."

அந்த அம்மா ஏறியும் விட்டார். ராஜபாளையத்தில் இறங்கி, பழைய பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். போகும்போது அக்காவுக்குக் கைகாட்டினார். எத்தனையோ நாள் கழித்து ஊரை விட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது அந்த முகம். அக்கா அந்த முகத்தைக் கவனித்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். இருக்கை நிரம்பியதை நிச்சயம் கவனித்திருப்பார்.

கல்லூரி அரங்கம் சிறியது என்பதால் தென்காசி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை மாநாட்டுக்குப் பேசியிருந்தார்கள். அதைப் பார்க்க அக்காவும் நானும் ஒரு சாயங்காலம் போனோம். உள்ளே ஒரு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்வது மரியாதைக்காக. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நின்றார்கள். பக்கத்தில் ஒரு இசைக்குழு பாடியது. கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். பெண் வீட்டார் கொஞ்சம் பேர் முதல் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காதல் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் மொத்தமும் ஒதுங்கிவிட்டது என்று வாட்ச்மேன் எங்களிடம் மெல்லச் சொன்னார்.

அக்காவின் முகம் மாறியது. வெளியே படிக்கட்டில் நின்று இரண்டு போனிலும் மாறி மாறிப் பேசினார். நான் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பக்கத்துத் தெருக்களிலிருந்து பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தலைவாரி, பூ வைத்து, பிள்ளைகளைக் கையில் பிடித்து, நெடுநாள் காத்திருந்த கல்யாணத்துக்கு வருகிற தோரணையில் வந்தார்கள். மேடையேறிப் பெண்ணின் கன்னத்தை வழித்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். இசைக்குழுக்காரருக்கு அதற்குப் பிறகுதான் குரலே திறந்தது. பெண்ணின் அப்பா கண் கலங்க அக்காவிடம் வந்தார்.

"நீங்க எந்த வீட்டு ஆளுகம்மா?"

"அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம் அண்ணாச்சி. சோறு ஆறுது, பந்தியப் போடச் சொல்லுங்க."

அன்று எனக்கு அக்காவைக் கும்பிடத் தோன்றியது. அடுத்த மாதமே அந்த எண்ணம் தள்ளாடியது. எங்கள் ஊரில் பஞ்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இறந்துபோனார். பெண் தொழிலாளர்கள் கழிப்பறைக்குப் போனால்கூட வாசலில் கடிகாரத்தோடு நின்றவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய படத்திறப்பு விழாவை அக்காதான் நிரப்பினார். அதே ஆலையில் அதே மேலாளரிடம் வேலை பார்த்த பெண்களே முன்வரிசைகளில் அமர்ந்து, அவருடைய தாயுள்ளம் பற்றிய உரைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரிருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது போலவும் இருந்தது.

"எப்படிக்கா மனசு வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

"அவன் எப்படிப்பட்டவனா இருந்தா என்ன டீச்சர்? அந்த நாற்காலி என்ன பாவம் செஞ்சது?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாநாட்டு வேலை சூடுபிடித்ததும் குழுக்கள் அமைந்தன. அவற்றில் ஒன்று சமூகப் பிரதிநிதித்துவக் குழு. பன்மைத்துவத்தைப் பற்றி மாநாடு நடத்திவிட்டு அதைக் கண்ணில் காட்டாமல் இருக்க முடியாதே. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 'சமூகத்தின் குரல்' என்று ஒரு துப்புரவுத் தொழிலாளியை மேடையேற்றிச் சில நிமிடம் பேச வைப்பது என்று முடிவானது. அவர் பேச வேண்டியதை ஆங்கிலத் துறை எழுதித் தரும். பன்மைத்துவத்துக்கு இன்னொரு அடையாளமாக மதியச் சாப்பாட்டில் தினைப் பாயசம் சேர்ந்தது.

அக்கா அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு ஆளுதானா?" என்று மட்டும் கேட்டார். சமத்துவ ஆவேசத்தில் கேட்கிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "ஒரு ஆளுக்குன்னா வேன் வேண்டாம். ஆட்டோ போதும்" என்று முடித்தார்.

இரண்டு நாள் மாநாட்டில் முதல் நாள் அமர்க்களமாக நடந்தது. மேடைக்குப் பின்னால் பிரமாண்டமான பேனர். அதில் ஒரு ஸ்டெதஸ்கோப் வளைந்து இதய வடிவில் நின்றது. அழைப்பிதழில், கழுத்தில் தொங்கும் அட்டையில், பிரதிநிதிகளுக்குக் கொடுத்த சணல் பையில் எல்லாம் அதே ஸ்டெதஸ்கோப். மதுரை, சென்னை, கோவை என்று பல ஊர்களிலிருந்து பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். மிச்ச நாற்காலிகளில் சீருடை போட்ட நர்சிங் மாணவிகளை அக்கா நிரப்பியிருந்தார். சமூகத்தின் குரலாக வர வேண்டியவருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய உரையை ஆங்கிலத் துறை விரிவுரையாளர் ஒருவர் உணர்ச்சியோடு வாசித்தார். பலத்த கைதட்டல்.

இரண்டாம் நாள்தான் சிக்கல். நர்சிங் மாணவிகளுக்குத் தேர்வு, வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிரதிநிதிகள் கல்லூரி பஸ்களில் ஏறிக் கோபுரம் பார்க்கவும் பால்கோவா வாங்கவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்றார்கள். பால்கோவாக் கடை வாசலில் மணிக்கு அர்த்தம் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். இங்கே நிறைவுரைக்குத் தில்லியிலிருந்து வந்திருந்த பேராசிரியை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கும்பகோணம் பக்கம் பிறந்து வடக்கே போனவர். எங்கள் கல்லூரிக்குப் புதிய துறை ஒன்று கிடைப்பது அவர் எழுதப்போகிற பரிந்துரையில் இருந்தது. அவருடைய உரையின் தலைப்பு 'வந்து சேராதவர்கள்'.

சேவை சென்றடையாத மக்களைப் பற்றிய உரை அது. ஆனால் மண்டபத்தைப் பார்த்தால் அவர் எங்கள் பிரதிநிதிகளைத்தான் சொல்கிறார் என்று தோன்றும். தாளாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அக்கா, ஏதாவது செய்யுங்க. இந்த நிலையில போட்டோ எடுத்தா மானம் போயிரும்."

அக்கா அதற்கு முன்பே போனைக் காதில் வைத்திருந்தார். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "டாக்டர்மாரு நெறைய பேரு வந்திருக்காவ ஏட்டி. செத்த நேரந்தான். தெருவுல இருக்கவளுகளயும் கூட்டிட்டு வா." இதில் பொய் ஒன்றும் இல்லை. மாநாட்டில் யார் கழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தாலும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றுதான் இருந்தது.

வந்தார்கள். விசைத்தறிக் கூடங்களில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற பெண்கள், ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக வெறுங்கையோடு வருவார்கள். அன்று ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு மஞ்சள் பை. பையில் பழைய மருந்துச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, எக்ஸ்ரே உறை. சிலர் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்கள். முதுகில் சிரங்கோடு ஒரு குழந்தையும் வந்தது. நாற்காலிகள் நிரம்பின. அக்கா திருப்தியாகப் பெருமூச்சு விட்டார்.

பேராசிரியை உரையைத் தொடங்கினார். திரையில் 'தடைகள்' என்ற சொல் பெரிதாக எழுந்தது. அவர் இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து திரைக்கு அருகே போய், தன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். 'தடைகள்' என்ற சொல்லின் மேல் ஒரு முழங்கால் விழுந்தது.

"இந்தா பாருங்க டாக்டரம்மா. மடக்கினா நிமித்த முடியல."

பேராசிரியை திகைத்துப் போனார். "நான் அந்த டாக்டர் இல்லம்மா."

"பொறவு எந்த டாக்டரு?"

"சமூகவியல் டாக்டர்."

அந்த அம்மா எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார். "அது எந்த நோவுக்கும்மா?"

பேராசிரியையை நான் பாராட்ட வேண்டும். கோபப்படாமல், சிரிக்காமல், கணினியை மூடிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "இங்கே மருத்துவம் பார்க்கிற டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஒருவர் இருந்தார். சுகாதாரத் துறை அலுவலகத்தில் நெடுங்காலம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற வயதான மருத்துவர். கோபுரத்தடியில் நடக்க முழங்கால் இடம் கொடுக்காது என்று பின்வரிசையில் கண்ணயர்ந்திருந்தவர். அவர் எழுந்து வந்து வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தார்.

"ஸ்டெதஸ்கோப் ஒண்ணு குடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேனரில் இருந்தது, பையில் இருந்தது, அட்டையில் இருந்தது. காதில் மாட்டுகிற மாதிரி ஒன்றுகூட அந்த மண்டபத்தில் இல்லை. நான் சாலையைக் கடந்து எதிரே இருந்த சிறிய கிளினிக்குக்கு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் சந்தேகமாகப் பார்த்தார்.

"எதுக்கு?"

"எதிர்ல நலவாழ்வு மாநாடு நடக்குது."

"அங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பாவம், எடுத்துக் கொடுத்தார்.

வரிசை தொடங்கியது. அக்காவுக்கு அதிலும் ஒரு கவலை. பெண்கள் மேஜையை நோக்கி எழுந்து போகப்போக நாற்காலிகள் காலியாகின்றனவே. "ஒவ்வொருத்தியா போங்க. ஒருத்தி எந்திரிச்சா அடுத்தவ தள்ளி உக்காரு. ஏட்டி, நடுவுல பொக்கை விழுகுது பாரு" என்று வரிசைகளுக்கு நடுவே ஓடி ஓடி அடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பேசிக்கொண்டிருந்தார். இவர் பொக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேச்சியம்மாவின் முறை வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கலாம். தறி ஓட்டுகிறவர். அக்கா கூப்பிடுகிற எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறவர். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். இழுத்து மூச்சுவிடச் சொன்னபோது, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பேச்சியம்மா குலுங்கினார். சத்தமே வரவில்லை.

"ஏம்மா அமுக்குற? நல்லா இருமு. எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும் சார். மெடிக்கல்ல சொல்லி டானிக் வாங்கிக் குடிச்சேன். நிக்கல."

"ஒரு வருசமா? இப்படி இருமுறவளப் பக்கத்துல யாருமே பாக்கலையா?"

பேச்சியம்மா முகம் மலர்ந்து அக்காவைக் காட்டினார். அதில் துளி குற்றச்சாட்டும் இல்லை. தன் ஒழுங்கைச் சொல்லி நல்ல பெயர் வாங்குகிற ஆசைதான் இருந்தது.

"அக்காதான் பாத்தாக. 'மேடையில பேசுறாக, இருமாதட்டி'ம்பாக. வாசப் பக்கம் உக்காரச் சொல்லுவாக. அதுல இருந்து முந்தானைய வச்சு அமுக்கிக்கிடுவேன் சார். இப்ப நல்லாப் பழகிட்டு. எந்தக் கூட்டத்துலயும் எஞ் சத்தம் வெளிய வராது. கேட்டுப் பாருங்க."

மருத்துவர் எதுவும் கேட்டுப் பார்க்கவில்லை. "சளி சோதனை பண்ணணும். டிபியா இருக்கலாம். தாமதிக்காம கூட்டிட்டுப் போங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா இரண்டு வரிசைகளுக்கு நடுவில் அப்படியே நின்றார். அவருடைய ஒரு போன் அடித்தது. பிறகு மற்றதும் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அவர் பக்கத்திலேயே நாலைந்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, அதையும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ கூட்டங்களில் அவர்களை அடுக்கி வைத்தவர், ஒவ்வொரு முகமாகப் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பஸ்கள் வந்து நின்றன. பிரதிநிதிகள் பால்கோவாப் பொட்டலங்களோடு இறங்கினார்கள். தாளாளருக்கு உயிர் வந்தது. விறுவிறுவென்று அக்காவிடம் வந்தார்.

"அக்கா, போதும். இவங்களை எழுப்பி அனுப்பிருங்க. டெலிகேட்ஸ் உக்காரணும், நிறைவு விழா போட்டோ எடுக்கணும்."

"ஏலாது சார்."

"என்னது?"

"வரச் சொன்னது நான். உக்காரச் சொன்னது நான். எந்திரின்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"விளையாடாதீங்க. தில்லி மேடம் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார். அந்தா மைக்கு இருக்கு. நீங்களே சொல்லிருங்க, எந்திரிச்சுப் போங்கன்னு."

தாளாளர் உண்மையிலேயே மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்தார். முதுகுக்குப் பின்னால் 'சமத்துவமும் பன்மைத்துவமும்'. முன்னால் மஞ்சள் பைகளோடு மண்டபம் நிறையப் பெண்கள். பக்கவாட்டில், சிரங்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தில்லிப் பேராசிரியை. தாளாளர் தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார்.

"அனைவரையும் வருக வருக என வரவேற்று மகிழ்கிறேன்" என்றார்.

சமத்துவ மாநாட்டின் நிறைவு விழாவை எங்கள் பிரதிநிதிகள் சுவரோரமாக நின்றபடி கண்டார்கள். கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கைதட்டுவது சிரமம் என்று தெரிந்தது. சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவருக்கு ஒரு பேராசிரியர் அன்போடு பால்கோவாவை நீட்ட, மருத்துவர் மேஜையிலிருந்தே ஒரு சத்தம் போட்டார். நன்றியுரைக்கு எழுதி வைத்திருந்த பெயர்கள் எல்லாம் வாசிக்கப்பட்டன. அக்காவின் பெயர் அதில் இல்லை.

மறுநாள் செய்தித்தாள்களில் 'ராஜபாளையத்தில் இலவச மருத்துவ முகாம், திரளான பெண்கள் பயனடைந்தனர்' என்று படத்தோடு வந்தது. மாநாடு என்ற சொல்லே எங்கும் இல்லை. தாளாளர் முதலில் கொதித்தார். தில்லியிலிருந்து பேராசிரியையின் பரிந்துரை வந்த பிறகு அமைதியானார். சமூகப் பங்கேற்புக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியைத் தாம் கண்டதில்லை என்று எழுதியிருந்தார் அவர். புதிய துறை கிடைத்தது. சமூகப் பங்கேற்பைச் சாதிப்பது எப்படி என்று பேச வெளியூர்களிலிருந்து தாளாளருக்கு அழைப்புகள் வந்தன. அவரும் போய்ப் பேசினார்.

அடுத்த மாநாடு மதுரையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்தது. அங்கே நாற்காலிகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த ஓட்டல் வாசலைத் தாண்டி அவரால் யாரையும் உள்ளே கொண்டுவந்திருக்க முடியாது.

தெருக்களில் வேறொன்று நடந்தது. மாநாடு என்றால் மருத்துவம் பார்ப்பது என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். என்னைச் சந்தையில் பார்த்தால்கூட, "டீச்சர், அடுத்த மாநாடு எப்ப? எங்க அத்தைக்குக் கண்ணு மங்குது" என்றார்கள். அக்காவும் மாறிப்போனார். கூட்டத்துக்கு ஆள் கேட்டு வருகிறவர்களிடம், "டாக்டர் யாராச்சும் வருவாகளா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு நகைக்கடைக்காரர் மிரண்டுபோய் என்னிடமே முறையிட்டார்.

"கடைத் திறப்பு விழாவுக்கு எதுக்கும்மா டாக்டர்னு கேட்டேன். 'இவளுக என்ன நகை வாங்கவா வாராளுக, உக்காரத்தான வாராளுக. உக்காந்திருக்கிற நேரத்துக்குப் பிரசர் பாத்துக்கிடட்டும்'னு சொல்லுது அந்தம்மா."

அவர் ஒப்புக்கொண்டு ஒரு நர்ஸை உட்கார வைத்தார். மற்றவர்கள் அவ்வளவு பொறுமைக்காரர்களாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டங்களை நிரப்ப வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்காவின் இரண்டாவது போன் நின்றுபோனது. பிறகு அவர் மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பேச்சியம்மா முழுக் குணமாகிவிட்டார். மாத்திரைகளை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். இப்போது தறியை விட்டுவிட்டு வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தோப்பில் வேலை பார்க்கிறார். போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன், ஆள் அடையாளமே தெரியாத அளவுக்குத் தேறியிருந்தார்.

அக்காவை நினைத்தால் எனக்கு மாநாடு நினைவுக்கு வருவதில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு காலை வேளைதான் வருகிறது. ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருக்காரர்கள் பார்த்துவிடுவார்கள், வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்று பேச்சியம்மா பிடிவாதமாக மறுத்துவிட்டார். அதனால் அக்கா அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். "அவிய இங்கிலீசுல ஏதாச்சும் சொன்னா எனக்கு வெளங்காது, நீங்களும் வாங்க டீச்சர்" என்று என்னையும் அழைத்திருந்தார். யாரும் ஆங்கிலத்தில் எதுவும் சொல்லவில்லை. டிபிதான் என்று நல்ல தமிழிலேயே சொன்னார்கள். குணமாகிவிடும், மருந்து இங்கேயே கிடைக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நர்ஸ் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

மகளிர் குழுப் பொறுப்பாளர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பேசினார். கூட்டம் கூட்டுகிற அந்தக் கணீர்க் குரல் இல்லை.

"ஒரு வருசமா இவள இருமாதேன்னு ஏசுனவ நாந்தான் சிஸ்டர்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பேனா அப்படியே நின்றது. என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார்.

வாயை மூடியிருந்த துண்டை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாதான் சொன்னார்.

"கூடப் பெறந்த அக்கான்னு எழுதிக்கிடுங்க சிஸ்டர்."

சொல்லிவிட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, வாயைப் பொத்தாமல் நன்றாக இருமினார்.